கொங்க் கிராமத்தில் ஒரு மாலை, ஒரு இரவு, ஒரு காலை: போகிறவர்களுக்கு ஒரு கையேடு

பிரான்சின் தெற்கில், அவேரோன் மாவட்டத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் கொங்க். பிரெஞ்சில் Conques என்று எழுதினாலும் கடைசி எழுத்துகளை உச்சரிக்க வேண்டாம், ‘கொங்க்’ என்றால் போதும். சிப்பி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எதிர்மலையிலிருந்து பார்த்தால் ஊர் சிப்பியின் குழிவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். ஊரை ஒரு சுற்று சுற்றிவர அரை மணி நேரம் போதும். பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து, படம் எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, ஒரு மணிக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் செலவு வீண். இங்கே பார்க்க வேண்டியவை மூன்று: கோவில் முகப்பின் சிற்பம், உள்ளே இருக்கும் கண்ணாடி ஜன்னல்கள், எதிர்மலையிலிருந்து தெரியும் ஊர். மூன்றுமே வெளிச்சத்தைப் பொறுத்தவை. நடுப்பகல் மூன்றுக்கும் ஆகாத நேரம். ஆகவே பிற்பகலில் போய்ச் சேருங்கள், இரவு தங்குங்கள், மறுநாள் மதியம் கிளம்புங்கள். இந்தக் கையேடு அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த மாதம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முற்பாதி. ஜூலை, ஆகஸ்டில் போகக் கூடாது என்றில்லை. ஆனால் அறை கிடைப்பது கஷ்டம், பகலில் தெருவில் தோள் இடிக்கும். அக்டோபர் 6 ஊரின் பாதுகாவலியான புனித ஃபுவாவின் திருநாள். அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை பவனி நடக்கும், அந்த வாரக்கடைசிக்கு வெகு முன்னதாகவே இடம் பிடித்து வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான உணவகங்களும் விடுதிகளும் பூட்டிக் கிடக்கும். கோவில் திறந்திருக்கும், பனிமூட்டத்தில் ஊர் அழகாகவும் இருக்கும், ஆனால் சாப்பாட்டுக்குத் திண்டாடுவீர்கள்.

போய்ச் சேருவது

கொங்க்கில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்துப் பெரிய ஊர் ரொதேஸ், சாலை வழியே 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு வசதியானது, ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் இரவு ரயில். காலையில் ரொதேஸில் இறக்கிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ரயில் ஒரே ரயிலாக ரொதேஸ் வரை வருவதில்லை. வழியில் இரவோடு இரவாகப் பெட்டிகளைப் பிரித்து, ஒரு பகுதியை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டிக்கெட்டில் உள்ள பெட்டி எண்ணிலேயே ஏறுங்கள். ‘உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம்’ என்று கிடைத்த பெட்டியில் ஏறித் தூங்கிவிட்டால் காலையில் வேறு ஊரில் கண்விழிப்பீர்கள். துலூஸ் வழியாக வருகிறவர்களுக்கு அங்கிருந்து ரொதேஸுக்குப் பகல் ரயில் இருக்கிறது, இரண்டேகால் மணி, இரண்டரை மணி ஆகும்.

ரொதேஸிலிருந்து கொங்க்குக்குப் பொதுப் பேருந்து என்பது பெயருக்குத்தான். சில நாள்களில் ஓடும், சில நாள்களில் முன்பதிவு செய்தால்தான் வரும், பள்ளி விடுமுறைக்குத் தகுந்தாற்போல நேரமும் மாறும். அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ரொதேஸில் கார் வாடகைக்கு எடுப்பதே கட்டுப்படியாகும். ஆனால் சிறிய ஊர்களில் கார் வாடகை அலுவலகங்கள் மதியம் இரண்டு மணி நேரம் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. ரயில் வந்து சேரும் நேரத்துக்கு அவர்கள் இருப்பார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள்.

காரில் போகும் வழி எளிது: ரொதேஸிலிருந்து மார்சியாக் வழியாக டி 901 சாலை, முக்கால் மணி நேரம். மார்சியாக் தாண்டியதும் மண் செக்கச்செவேலென்று மாறும். இரும்புச் சத்து மிகுந்த மண், அதில் படிக்கட்டுபோல வெட்டிய திராட்சைத் தோட்டங்கள். அப்புறம் தூர்தூ ஆற்றின் பள்ளத்தாக்கோடு இறங்கி, கடைசியில் வலப்பக்கம் ஊருக்கு ஏற வேண்டும். பெட்ரோலை ரொதேஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கிராமத்துக்குள் கிடைக்காது. வண்டியை ஊருக்கு வெளியே உள்ள கட்டண நிறுத்துமிடத்தில் விட வேண்டும். தெருக்கள் குறுகல், சீசனில் ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. உங்கள் விடுதி ஊருக்குள் என்றால், சாமானை இறக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி இங்கே உதவாது. தெருக்களெல்லாம் சரிவு, தளமெல்லாம் கருங்கல்லும் பலகைக்கல்லும். சக்கரம் இடுக்கில் மாட்டும், ஒன்று உடைந்தால் மீதி வழி தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முதுகுப்பையே சௌகரியம். செருப்பும் அப்படித்தான். இந்தப் பலகைக்கல் காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ போடுங்கள்.

தங்குமிடம்

மூன்று வகை இருக்கிறது. ஓட்டல்கள் இரண்டொன்று. வீட்டின் அறைகளை வாடகைக்கு விடும் ‘ஷாம்ப்ர் தோத்’. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ திருத்தலத்துக்கு இவ்வழியே நடந்து போகும் யாத்திரிகர்களுக்கான, பல கட்டில்கள் போட்ட கூடமும் சில தனி அறைகளும் கொண்ட விடுதிகளான ‘ழீத்’. கோவிலை ஒட்டி மடத்துத் துறவிகள் நடத்தும் விடுதியும் மூன்றாம் வகைதான். அங்கே நடந்து வரும் யாத்திரிகர்களுக்கே முதலிடம், மற்றவர்களுக்கு இடமிருந்தால் கிடைக்கும். ‘தெமி பான்சியோன்’ என்று போட்டிருந்தால் இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும் சேர்த்த விலை. ஊரில் உணவகங்கள் குறைவு என்பதால் இந்த ஏற்பாடே நல்லது. ஆற்றங்கரையில் கூடாரம் போடும் இடமும் உண்டு, ஆனால் அங்கிருந்து கோவிலுக்கு நல்ல ஏற்றம், இரவு நிகழ்ச்சி முடிந்து இருட்டில் இறங்க டார்ச் வேண்டும். மூட்டைப்பூச்சிப் பயத்தால் பல ழீத்களில் பையை அறைக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலிலேயே வைக்கச் சொல்வார்கள். ராத்திரிக்குத் தேவையானதை ஒரு துணிப்பையில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் சங்கடமில்லை.

கையில் பணமாகக் கொஞ்சம் யூரோ வைத்திருங்கள். சின்ன விடுதிகளில் கார்டு செல்லாமல் போகலாம், ஏடிஎம்மை எதிர்பார்க்க வேண்டாம்.

மாலை: வாசலுக்கு மேலே பொதுத்தீர்வை

புனித ஃபுவா கோவிலின் முகப்பு மேற்கைப் பார்த்தது. காலையில் அது நிழலில் சாம்பல் நிறமாகக் கிடக்கும், சிற்பத்தின் ஆழம் தெரியாது. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் சூரியன் நேராக அடிக்கத் தொடங்கும்போது மஞ்சள் கல் பொன்னாக மாறி, ஒவ்வொரு முகத்துக்கும் நிழல் விழும். கோடையில் எட்டு மணி வரைக்கும் இந்த வெளிச்சம் கிடைக்கும். அதற்குள் பகல் கூட்டமும் கலைந்திருக்கும்.

உலக முடிவில் கிறிஸ்து எல்லா மனிதருக்கும் தீர்ப்புச் சொல்லும் பொதுத்தீர்வைக் காட்சி இது. சிற்பம் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அகலம் 6.7 மீட்டர், உயரம் 3.6 மீட்டர், அதற்குள் 124 உருவங்கள். வாசலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கழுத்து வலிக்குமே தவிர மேல்வரிசை தெரியாது. முற்றத்தின் எதிர்ச்சுவர் வரை பின்வாங்கி நில்லுங்கள். ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பார்க்கும் முறை இது. முதலில் நடுவில் கிறிஸ்து. வலக்கை மேலே, இடக்கை கீழே. அந்த இரண்டு கைகளும்தான் படம் முழுவதற்கும் திறவுகோல்: அவருடைய வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், மீட்கப்பட்டவர்கள். நமக்கு வலப்பக்கம் தள்ளப்பட்டவர்கள். இடப்பக்கத்தில் எல்லாரும் வரிசையாக, அமைதியாக நடக்கிறார்கள். முன்னால் மரியன்னை, பின்னால் சாவியோடு பேதுரு, அதற்கும் பின்னால் ஒரு மடாதிபதி பேரரசன் சார்லமேனைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். பேரரசனின் முகத்தைப் பாருங்கள், தயங்கித் தயங்கி வருகிற ஆள். அவன் மடத்துக்குக் கொடுத்த கொடைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஆட்கள் வருகிறார்கள். செய்த தானம்தான் பேரரசனையே உள்ளே சேர்த்தது என்று மடம் சொல்லாமல் சொல்கிறது.

வலப்பக்கம் நேர் எதிர். வரிசை கிடையாது, ஒரே குழப்பம், ஒருவர் மேல் ஒருவர். கீழே நடுவில் சாத்தான் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் தண்டனைகள். குதிரையோடு தலைகுப்புற விழும் வீரன், அகங்காரத்துக்கு. கழுத்தில் பணப்பை தொங்கத் தூக்கிலிடப்பட்டவன், கஞ்சத்தனத்துக்கு. ஒரே கயிற்றில் கழுத்து பிணைக்கப்பட்ட ஆணும் பெண்ணும், சோரத்துக்கு. நாக்கு பிடுங்கப்படுகிறவன், புறம்பேசியதற்கு. ஒருவனைக் கம்பியில் கோத்து வாட்டும் பூதங்களில் ஒன்றுக்கு முயல் தலை. திருட்டு வேட்டைக்காரனை அவன் வேட்டையாடியதே வாட்டுகிறது என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். மேலே இன்னும் ஒரு சுவாரசியம்: வலையில் சிக்கிய ஆட்களில் ஆயர் கோல் ஏந்திய மேற்றிராணியாரும் (பிஷப்) துறவிகளும் இருக்கிறார்கள். தன் கோவில் வாசலிலேயே தன் இனத்துக்காரர்களையும் நரகத்தில் போட்ட சிற்பிக்கு நல்ல துணிச்சல்.

இனி மூன்று நுணுக்கங்கள். பெரும்பாலானோர் பார்க்காமல் போகிறவை.

கிறிஸ்துவுக்கு நேர் கீழே அதிதூதர் மிக்கேலும் ஒரு பூதமும் தராசு பிடித்து ஆத்துமாவை நிறுக்கிறார்கள். பூதம் விரலால் தன் பக்கத்துத் தட்டை அழுத்துகிறது. காய்கறிக் கடையில் பார்த்த அதே வேலை. அப்படியும் தட்டு அவன் பக்கம் சாயவில்லை.

அதற்கு இடப்புறம், சிறிய வளைவுகளுக்கு முன்னால் ஒரு பெண் குப்புற விழுந்து வணங்குகிறாள், மேலிருந்து ஒரு பெரிய கை நீள்கிறது. அவள்தான் ஃபுவா, அஜாங் ஊரில் ரோமர் காலத்தில் கொல்லப்பட்ட சிறுமி. பின்னால் வளைவுகளில் தொங்குவது அலங்காரம் அல்ல, கை, கால் விலங்குகள். அவளை வேண்டிக்கொண்டு விடுதலையான சிறைக்கைதிகள் கொண்டுவந்து காணிக்கையாகத் தொங்கவிட்டவை. கோவிலுக்குள் பீடத்தைச் சுற்றியிருக்கும் இரும்புக் கிராதியை அந்த விலங்குகளை உருக்கித்தான் அடித்தார்கள் என்பது ஊர் வழக்கு.

மூன்றாவது, வெளி வளைவின் விளிம்பு. உற்றுப் பார்த்தால் ஒரு நாடாவுக்குப் பின்னாலிருந்து சின்னச் சின்ன முகங்கள் விரல்களால் விளிம்பைப் பற்றிக்கொண்டு எட்டிப்பார்ப்பது தெரியும். குழந்தைகளோடு போனால் இதைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் தொந்தரவு இருக்காது.

எல்லாச் சிற்பத்துக்கும் அந்தக் காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள். இன்னும் நீலமும் சிவப்பும் அங்கங்கே ஒட்டியிருப்பது மாலை வெயிலில் தெரியும். இடப்பக்கம் நீலம், நரகத்துப் பக்கம் சிவப்பு. உருவங்களுக்கு நடுவே ஓடும் பட்டைகளில் லத்தீன் எழுத்து. கீழ்ப்பட்டையில் உள்ளது, பாவிகளே நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுமையான தீர்ப்பு காத்திருக்கிறது என்பது. எழுதப் படிக்கத் தெரியாத யாத்திரிகனுக்கு அதை யாரோ ஒரு துறவி வாய்விட்டுப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இரவு

அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. கோவிலைப் பார்த்துக்கொள்வது 1873 முதல் பிரேமோந்திரே சபைத் துறவிகள். சீசனில் இரவுச் செபம் முடிந்ததும் யாத்திரிகர்களுக்கு ஆசி, பிறகு ஒருவர் வாசலில் நின்று சிற்பத்தைப் பிரெஞ்சில் விளக்குவார். மொழி புரியாவிட்டாலும் கோலால் சுட்டிக்காட்டும் வரிசையைப் பின்தொடரலாம், மேலே சொன்னதைத் தெரிந்துகொண்டு போனால் முக்கால்வாசி பிடிபடும். அதன் பின் உள்ளே ஆர்கன் இசை. கட்டணம் கட்டினால் மேல்மாடத்துக்கு ஏறலாம். இதைத் தவறவிடாதீர்கள். கீழிருந்து பார்த்தால் உச்சியில் புள்ளியாகத் தெரியும் தூண்தலைச் சிற்பங்கள் அங்கே கண்ணுக்கு நேராக இருக்கும். படி குறுகல், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், கோவில் வாசலில் ஒட்டியிருக்கும் தாளை வந்ததும் பார்த்து விடுங்கள். செபத்தின்போது படம் எடுப்பது, நடந்து திரிவது இரண்டும் கூடாது.

இந்த நிகழ்ச்சிக்கு வரவேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழேகாலுக்கே முடிக்க வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்து ‘மெதுவாக’ச் சாப்பிட்டால் பிரான்சில் இரண்டு மணி நேரம் போய்விடும். செபம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை: நிறமில்லாத கண்ணாடி

காலையில் பஸ்கள் வருவதற்கு முன் உள்ளே போங்கள். நடுக்கூடத்தின் உயரம் 22 மீட்டர், அகலமோ கொஞ்சம்தான், அதனால் உள்ளபடிக்கும் மேலாகவே உயரமாகத் தெரியும். ஜன்னல்களில் படம் கிடையாது, நிறம் கிடையாது. முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘வேலை இன்னும் முடியவில்லையோ’ என்று நினைப்பது உண்டு.

இது பியேர் சூலாஜ் செய்தது. 1919-இல் ரொதேஸில் பிறந்து 2022-இல் மறைந்த ஓவியர், வாழ்நாள் முழுதும் கறுப்பை வைத்தே வேலை செய்தவர். பள்ளிக்கூடப் பையனாக இந்தக் கோவிலுக்கு வந்தபோதுதான் கலையே தன் வழி என்று முடிவுசெய்ததாகச் சொன்னவர். 1987-இலிருந்து 1994 வரை இந்த வேலை நடந்தது. 104 திறப்புகள்: 95 ஜன்னல்கள், 9 வெறும் கீற்றுத் துளைகள். அவருக்கு வேண்டிய கண்ணாடி சந்தையில் கிடைக்கவில்லை. வெளிச்சம் ஊடுருவ வேண்டும், ஆனால் வெளியே இருப்பது தெரியக் கூடாது. பல அளவுகளில் பொடித்த நிறமற்ற கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து உருக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். துலூஸைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் ழான்-தொமினிக் ஃப்ளோரியோடு சேர்ந்து ஜன்னல்கள் செய்யப்பட்டன. மணி பொடியாக இருக்கும் இடத்தில் ஒரு மாதிரி, பருமனாக இருக்கும் இடத்தில் வேறு மாதிரி ஒளி சிதறும். குறுக்கே வளைந்து போகும் கறுப்புக் கோடுகள் ஈயப் பட்டைகள்.

எப்படிப் பார்ப்பது? ஒரே ஜன்னலை உற்றுப் பார்த்துப் பயனில்லை. நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வடபக்கத்தையும் தென்பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். வெயில் படாத பக்கம் நீலம் கலந்து குளிர்ந்திருக்கும், வெயில் விழும் பக்கம் தேன் நிறத்துக்குப் போகும். கண்ணாடியில் சாயம் ஏதும் இல்லை, வரும் வெளிச்சம்தான் வேறு வேறு. இருபது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மாறியிருக்கும். மேகம் கடக்கிற நாளானால் இன்னும் நல்லது. ஒன்பது மணிக்கு ஒரு தடவை, முந்தின மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை பார்த்தால்தான் அவர் என்ன செய்தார் என்பது விளங்கும். உள்ளே விளக்கு எரிந்தால் எல்லாம் கெட்டுப்போகும், அதனால்தான் கூட்டமும் விளக்கும் சேரும் நேரத்தைத் தவிர்க்கச் சொல்வது.

வெளியே வந்து மடத்து முற்றத்துக்குப் போங்கள். அங்கே நடுவில் பச்சைக் கல்லாலான பெரிய தொட்டி. சுற்று மண்டபத்தில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் கல்லுக்காக இடிக்கப்பட்டுவிட்டது. கோவிலே விழும் நிலைக்கு வந்திருந்தது. 1837-இல் வரலாற்றுச் சின்னங்களின் கண்காணிப்பாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே எழுதிய அறிக்கைதான் அதைப் பிழைக்க வைத்தது.

முற்றத்தை ஒட்டியே பொக்கிஷ அறை, கட்டணம் உண்டு. கண்டிப்பாகப் போக வேண்டும். பொன் தகடு போர்த்திய மரச்சிலை ஒன்று, உயரம் 85 சென்டிமீட்டர், அரியணையில் உட்கார்ந்த புனித ஃபுவா. உடம்பெங்கும் கல்லும் முத்தும் பழைய ரோமச் செதுக்குக் கற்களும். முகம் ஒரு சிறுமியின் முகமாக இல்லையே என்று தோன்றும். காரணம், தலை வேறு: ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பொன் தலை ஒன்றை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அவளுடைய திருப்பண்டம் (புனிதமாக வைத்து வணங்கும் உடல் எச்சம்) இங்கே வந்த கதையும் சுவையானது. 9-ஆம் நூற்றாண்டில் கொங்க் மடத்துத் துறவி ஒருவர் அஜாங் ஊருக்குப் போய், அங்குள்ளவர்களின் நம்பிக்கையைப் பெறுமளவு பல வருடம் தங்கி, ஒரு நாள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெளிப்படையான திருட்டு. அதன் பின்தான் யாத்திரிகர்களும் பணமும் வந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு பொன்னை உருக்க ஆள் அனுப்புமுன் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பிரித்து ஒளித்து வைத்து, நிலைமை தணிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வளவு இன்றும் இந்த ஊரிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம். அறையில் மங்கலான வெளிச்சம், வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஐந்து நிமிடம் கண் பழகட்டும்.

பாலமும் எதிர்மலையும்

பத்து மணிக்குக் கூட்டம் ஏறி வரத் தொடங்கும். நீங்கள் இறங்கத் தொடங்குங்கள். கோவிலிலிருந்து மேற்கே ரூய் ஷார்லமாஞ் என்ற செங்குத்தான தெரு. பாதியில் இடப்பக்கம் பாறை முனையில் புனித ரோக் சிற்றாலயம், கோவிலின் கோபுரங்களை அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். தெரு முடிவில் தூர்தூ ஆற்றின் மேல் பழைய கல்பாலம். ஊரில் இதை ‘போன் ரொமேன்’ என்பார்கள், ரோமானியப் பாலம் என்று பலகைகளிலும் படிக்கலாம். ரோமானியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாத்திரிகனுக்கு இந்தப் பக்கத்து ஆக்ஸித்தான் மொழியில் ‘ரூமியூ’ என்று பெயர், அது திரிந்து ரொமேன் ஆயிற்று. 1998-இல் யுனெஸ்கோ சந்தியாகோ யாத்திரைப் பாதைகளைப் பட்டியலில் சேர்த்தபோது கோவிலோடு இந்தப் பாலத்தையும் சேர்த்தது.

பாலம் தாண்டியதும் பாதை காட்டுக்குள் நேராக ஏறும். அரை மணி முதல் முக்கால் மணி ஏறினால் புனித ஃபுவாவின் சிற்றாலயம், பக்கத்தில் கண்நோய்க்கு நல்லது என்று நம்பப்படும் ஊற்று. சிற்றாலயத்தின் மணியை யாத்திரிகர்கள் அடித்துவிட்டுப் போவார்கள், பள்ளத்தாக்குக்கு அப்பால் ஊர்வரை கேட்கும். சிப்பியின் குழிவில் ஊர் முழுதும் தெரிவது இங்கிருந்துதான். பலகைக்கல் வேய்ந்த சாம்பல் கூரைகள், நடுவில் மூன்று கோபுரம். ஏற்றம் கடுமை, ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். நேற்று மழை பெய்திருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, இலைக்கு அடியில் பாறை வழுக்கும். நடக்க முடியாதவர்கள் காரில் பாங்காரெல் என்ற காட்சிமுனைக்குப் போகலாம், அங்கிருந்தும் ஊர் நன்றாகத் தெரியும்.

பாதைக் குறி: வெள்ளைக் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே என்றால் சரியான வழி. இரண்டும் பெருக்கல் குறியாக வெட்டிக்கொண்டால் அது உங்கள் வழியல்ல. கோடுகளோடு வளைந்த குறி இருந்தால் திரும்ப வேண்டும். பதினைந்து நிமிடமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போங்கள், ‘எங்கேயாவது சேரும்’ என்று முன்னால் போகாதீர்கள்.

நடந்தே வர நினைப்பவர்களுக்கு

யாத்திரை தொடங்கும் ஊர்களில் ஒன்றான லெ புய்யிலிருந்து கொங்க் வரை ஜிஆர் 65 என்ற நெடுந்தூர நடைபாதையில் சுமார் 200 கிலோமீட்டர், ஒன்பது பத்து நாள். அவ்வளவு விடுப்பு இல்லாதவர்கள் கடைசி மூன்று நாளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எஸ்பாலியோன், எஸ்தாங், கோலிஞாக், கொங்க். கடைசி நாள் எஸ்பேராக், செனேர்க் வழியாக இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரும்பகுதி மேட்டுநிலம், கடைசியில் கொங்க்குக்குள் இறங்கும் சரிவு களைத்த முட்டிக்குக் கடினம், கைத்தடி அங்கேதான் பயன்படும். பல யாத்திரிகர் விடுதிகள் முத்திரை குத்தும் யாத்திரிகர் கையேட்டைக் கேட்கும், லெ புய் பேராலயத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். பையை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவைகளும், கொங்க்கிலிருந்து லெ புய்க்குத் திருப்பி அழைத்துப் போகும் வேன்களும் சீசனில் உண்டு. முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாடு

மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இது வசதிக்குறைவு இல்லை, வழக்கம். கெஞ்சினாலும் நடக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது அலிகோ: மசித்த உருளைக்கிழங்கில் புளிக்காத இளம் பாலாடைக்கட்டி, வெண்ணெய், க்ரீம், பூண்டு போட்டு, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் நூலாக இழுபடும்வரை கிளறுவது. வழக்கமாகப் பன்றித் தொத்திறைச்சியோடுதான் தட்டில் வரும், ‘சான் சோசீஸ்’ என்று சொல்லி விலக்குங்கள். பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி என்பதால் தீவிர சைவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். கீரையில் செய்யும் ஃபார்சூ என்ற அடை பார்வைக்குச் சைவமாக இருக்கும், சில வீடுகளில் இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். த்ருஃபாத் என்ற உருளைக்கிழங்கு வறுவல் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வறுத்தது. விடுதிச் சாப்பாடு என்றால் முன்பதிவின்போதே சைவம் என்று எழுதுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் வெறும் இலைதழையும் ரொட்டியும்தான் வரும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் குளிர்மாதங்களில் எஸ்தோஃபினாதோ கிடைத்தால் விடக்கூடாது. நார்வேயிலிருந்து வரும் காய்ந்த கருவாட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டையோடு பிசைந்து, மேலே சுடச்சுட வால்நட் எண்ணெய் ஊற்றுவது. கருவாட்டு வாசனையை ஒதுக்காத நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். இந்தப் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயின் மார்சியாக். மான்சுவா என்று உள்ளூரில் அழைக்கும் திராட்சையில் செய்வது, 1990 முதல் பாதுகாக்கப்பட்ட பெயர்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

ரொதேஸுக்குத் திரும்பும் வழியிலேயே சால்-லா-சூர்ஸ், ஊருக்கு நடுவே அருவி விழும் கிராமம், ஒரு மணி நேரம் போதும். ரொதேஸில் 2014-இல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்தில் கொங்க் ஜன்னல்களுக்கான மாதிரி வரைபடங்கள் இருக்கின்றன. கோவிலைப் பார்த்த பிறகு இவற்றைப் பார்ப்பதே சரியான வரிசை. மாறி மேற்கே போகிறவர்களுக்கு ஃபிஜாக், எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த ஷாம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர். ரொசெட்டா கல்லைப் பெரிதாக்கித் தரையில் பதித்த முற்றம் ஒன்று உண்டு, அதன்மேல் நடக்கலாம்.

வாங்கிப் போக வால்நட் எண்ணெயும் லயோல் கத்தியும் நல்லவை. வால்நட் எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துப்போகும், சிறிய புட்டியாக வாங்கி, திறந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வதக்கத் தாங்காது, சமைத்த பிறகு மேலே ஊற்றவே அது. லயோல் என்ற பெயரை எங்கெங்கோ செய்த மலிவுக் கத்திகளிலும் வெகுகாலமாகப் போட்டு விற்றுவருகிறார்கள், செய்த பட்டறையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இரண்டையும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். எண்ணெய் 100 மில்லிக்கு மேல் என்றாலும் கத்தி என்றாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.